வெயிலுக்கு ஒரு குளம்

சென்ற கிழமை நமக்குக் கிடைத்த கடிதங்களுள் ஒன்று நம்மை வெகுநேரம் சிந்திக்க வைத்தது. உயர்தர வகுப்பிலே பௌதிகவியல் கற்கும் மாணவி ஒருவர் அதனை எழுதியிருந்தார். அவர் கேட்டது இது:

“எங்கள் வீட்டுக் கூரையில் ஐந்து கிலோவாற்றுச் சூரியத் தகடுகள் பூட்டியிருக்கிறோம். அப்பா வங்கியிலே கடன் எடுத்தே அவற்றைப் பூட்டினார். 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 9ஆம் திகதி நாடெங்கும் மின்சாரம் நின்றபோது முற்பகல் பதினொன்றரை மணியிருக்கும். வெயிலோ நெருப்பாய் எறித்தது. அப்படியிருந்தும் எங்கள் வீட்டு மின்விசிறியும் நின்றுவிட்டது. ‘சூரியன் நிக்கேல்லையே, பிறகேன் பிள்ளை இது நிண்டது?’ என்று அம்மம்மா கேட்டார். இன்றுவரை அவருக்கு விடை சொல்ல என்னால் முடியவில்லை.”

அன்றைக்கு நாமும் பனையோலை விசிறியைத் தேடி எடுத்தவர்களே. ஆகையால் அம்மம்மாவின் வியப்பு நமக்கு நன்கு விளங்குகிறது. அவர் கேட்டது எளிய கேள்வியன்று. சூரிய மின்சாரத்தின் பெருமையும், அதற்கு இன்று நேர்ந்துள்ள இடரும் அந்த ஒரு கேள்விக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன. ஆதலின் இவ்வாரம் நமது பகுதியை அதற்கே ஒதுக்கினோம். மாணவர்கள் படித்து, வீட்டிலுள்ள பெரியோர்க்கும் எடுத்துச் சொல்வார்களாக.

சூரியன் ஈயும் செல்வம்

சூரியனுடைய நடுவகத்திலே ஒவ்வொரு செக்கனும் ஏறக்குறைய 60 கோடி தொன் ஐதரசன் ஈலியமாக மாறுகின்றது. அவ்வாறு மாறும்போது சுமார் 40 இலட்சம் தொன் பொருள் மறைந்து, அதற்கீடாகச் சக்தி தோன்றுகின்றது. அச்சக்தி ஒளியாகவும் வெப்பமாகவும் புறப்பட்டு, எட்டு நிமிடத்துக்குச் சற்று அதிகமான காலத்தில் நம்மை வந்தடைகிறது. வானம் தெளிந்த நண்பகலில், ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மேல் ஏறத்தாழ 1,000 வாற்று வலு விழுகிறது. ஒரு சிறு முற்றத்தில் விழும் வெயிலே பல வீடுகளின் விளக்குகளை ஏற்றப் போதுமானது என்றால் அது மிகையன்று.

ஆனால், விழுகின்ற வெயில் வேறு, கைக்கு வருகின்ற மின்சாரம் வேறு. ஒன்றை மற்றொன்றாக மாற்றுதற்கு மனிதன் இரண்டு வழிகளைக் கண்டிருக்கிறான். ஒளியை நேரே மின்சாரமாக்குதல் ஒரு வழி. வெப்பத்தினால் நீராவி ஆக்கி, அந்நீராவியால் இயந்திரத்தைச் சுழற்றுதல் மற்றொரு வழி. நமது வீட்டுக் கூரையில் இருப்பது முதல் வழி. முதலில் அதனைப் பார்ப்போம்.

ஒளியே மின்சாரமாதல்

ஒளி பட்டால் சில பொருள்களில் மின் பிறக்கும் என்பதை 1839ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்து பெக்கரெல் என்பவர் கண்டார். ஒளியானது சிறு சிறு பொட்டலங்களாக வந்து இலத்திரன்களை மோதி எழுப்புகின்றது என்று 1905இல் ஐன்ஸ்ரைன் விளக்கினார். அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் இந்த விளக்கத்துக்காகவே. எனினும் பயன்படத்தக்க ஒரு கருவி தோன்றுவதற்கு 1954ஆம் ஆண்டுவரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு ஏப்ரல் 25ஆம் திகதி, அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த சேப்பின், புல்லர், பியேர்சன் என்னும் மூவர் செய்த சிலிக்கன் கலம் உலகுக்குக் காட்டப்பட்டது. குழந்தைகள் விளையாடும் சிறு இராட்டினம் ஒன்றை அது சுழற்றிற்று. விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு பங்கையே அது மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் மாற்றுகின்றன.

அக்கலத்தின் உள்ளமைப்பு இதுதான். தூய சிலிக்கனின் ஒரு பக்கத்தில் பொசுபரசையும் மறுபக்கத்தில் போரனையும் மிகச் சிறிதளவு கலக்கின்றனர். முன்னதில் இலத்திரன் மிகுதி, பின்னதில் குறைவு. இரண்டும் சந்திக்கும் எல்லையில் ஒரு மின்புலம் உண்டாகிறது. அஃது ஒருவழிக் கதவு போன்றது. ஒளிபட்டு எழும்பிய இலத்திரன் அக்கதவைத் தாண்டி ஒரு திசையிலேயே செல்லலாம். திரும்பி வரவேண்டுமாயின் வெளியே பூட்டிய கம்பி வழியாகவே சுற்றிவர வேண்டும். அந்தச் சுற்றே மின்னோட்டம். ஒரு கலம் தருவது அரை வோல்ற்றளவுதான். எனவே அறுபது எழுபது கலங்களைத் தொடராக இணைத்து ஒரு தகடாக்குகின்றனர். இங்கே எரிவதும் இல்லை, சுழல்வதும் இல்லை, புகைவதும் இல்லை.

இன்னும் ஒன்றை மாணவர்கள் நினைவில் வைத்தல் வேண்டும். இத்தகடுகளுக்கு வேண்டியது ஒளியே; வெப்பமன்று. தகடு சூடேறச் சூடேற அதன் விளைவு குறைகின்றது. மேலே தூசி படிந்தாலும் அவ்வாறே. கடலுக்கு அப்பால், தமிழ்நாட்டின் இராமநாதபுரம் மாவட்டத்திலே கமுதி என்றோர் ஊர் உண்டு. மழை குறைந்த வறண்ட பூமி. அங்கே 2016ஆம் ஆண்டில், ஏறக்குறைய 2,500 ஏக்கர் நிலத்தில், 25 இலட்சம் தகடுகளைப் பரப்பி, 648 மெகாவாற்றுச் சூரிய மின்நிலையம் ஒன்றை அமைத்தனர். அங்கே தகடுகளைத் தூசி தட்டுவதற்கென்றே தானாக ஓடும் இயந்திரங்களை வைத்துள்ளனர். வேளாண்மை பொய்த்த மண்ணிலே வெயிலை விளைவிக்கின்றனர் என்று சொல்லத் தோன்றுகிறது.

நமது நாட்டில் முதலாவது பெரிய முயற்சி 2011இல் அம்பாந்தோட்டையை அடுத்த புருதகந்தையில் நிகழ்ந்தது. அதன் அளவு ஒரு மெகாவாற்றுக்குச் சற்று மேல். அதன் பின்னர் 2016 முதல் அரசாங்கமே ஊக்குவித்ததனால் வீட்டுக் கூரைகளில் தகடுகள் பெருகின. 2024ஆம் ஆண்டின் முடிவுக்குள் கூரைத் தகடுகள் மட்டும் ஆயிரம் மெகாவாற்றைத் தாண்டிவிட்டன. நம் மாணவியின் தந்தையார் போன்ற ஆயிரமாயிரம் பேர் கடன்பட்டுச் செய்த காரியம் அது.

அம்மம்மாவுக்கு முதல் விடை

இனி, மின்விசிறி ஏன் நின்றது என்பதற்கு வருவோம்.

தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேரோட்டம். வீட்டு மின்சாரமோ ஒரு செக்கனுக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் ஆடுகின்ற ஆடலோட்டம். நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றுவதற்குச் சுவரிலே ஒரு பெட்டி பூட்டியிருப்பார்கள். இன்வேர்ட்டர் என்று எல்லோரும் சொல்வது அதனைத்தான். பெரும்பாலான வீடுகளில் உள்ள இன்வேர்ட்டர் தானாகத் தாளம் போட அறியாது. வீதியிலுள்ள மின்கம்பியில் வரும் தாளத்தைக் கேட்டே அது தன் தாளத்தைப் பொருத்திக்கொள்கிறது. மேளம் நின்றவுடன் நாதசுரமும் நிற்பதைப் போல, வீதிக் கம்பியில் மின்சாரம் நின்ற கணமே அதுவும் நின்றுவிடுகின்றது.

இதனைக் குறையென்று கருதலாகாது. வேண்டுமென்றே அவ்வாறு செய்திருக்கின்றனர். மின்சாரம் நின்றது என நம்பி, கம்பத்தில் ஏறிக் கம்பியைத் திருத்துகின்ற தொழிலாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவ்வேளையில் நமது கூரையிலிருந்து மின்சாரம் அக்கம்பிக்குள் பாய்ந்தால் அவர் கதி என்னாகும்? அந்த ஓர் உயிரைக் காப்பதற்காகவே பெட்டி மௌனமாகின்றது. ஆகவே, “பிள்ளைகள் பெற்ற ஒரு மனிதன் கம்பத்தில் நிற்கின்றான், அவனுக்காக நமது விசிறி நின்றது” என்று அம்மம்மாவுக்குச் சொல்லலாம்.

ஆனால் இது பாதி விடைதான். நாடு முழுவதும் ஏன் இருளடைந்தது என்பது மறுபாதி.

கனத்த சில்லும் கனமற்ற மின்சாரமும்

அன்று பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்கருவியைத் தொட்டதனால் இடையூறு தொடங்கியது என்று அதிகாரத்திலிருந்தோர் கூறினர். பத்திரிகைகள் பலவும் அக்குரங்கைப் பற்றி நகையாடின. ஒரு குரங்கினால் ஒரு தேசமே இருளடையுமா? குரங்கு தொடுத்தது ஒரு சிறு பொறிதான். அது பற்றிப் படர்ந்தமைக்கு வேறு காரணம் உண்டு.

பழைய அரைவை ஆலைகளிலே ஒரு பெரிய இரும்புச் சில்லு சுழல்வதை நீங்கள் கண்டிருக்கலாம். எந்திரம் ஒரு கணம் தடுமாறினாலும் அந்தக் கனத்த சில்லு தன் வேகத்தைச் சட்டென்று இழப்பதில்லை. தடுமாற்றத்தை அது தாங்கிக்கொள்ளும். நீர்வீழ்ச்சியாலும் நிலக்கரியாலும் இயங்கும் மின்நிலையங்களில் உள்ள சுழலிகளும் மின்பிறப்பாக்கிகளும் இத்தகைய கனத்த சில்லுகளே. எங்கேனும் திடீரென மின்சாரம் குறைந்தால், அவை தம் சுழற்சியில் அடங்கிய சக்தியைக் கொடுத்துச் சில செக்கன்களுக்குத் தாளம் தவறாமல் காக்கின்றன. அதற்குள் ஏனைய இயந்திரங்கள் உதவிக்கு வந்துவிடும்.

சூரியத் தகட்டிலோ சுழல்வது ஒன்றுமில்லை. அதன் மின்சாரம் கனமற்றது. அன்று ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடியிருந்தன, மின்சாரத் தேவை குறைவு. வெயிலோ மிகுதி. ஆதலால் ஓடிய மின்சாரத்தில் பெரும் பங்கு சூரியனுடையதாக இருந்தது. கனத்த சில்லுகள் சிலவே சுழன்றன. பாணந்துறையிலே எழுந்த அதிர்ச்சியைத் தாங்குவார் இல்லை. மீடிறன் நிலைகுலைந்தது. அதனைக் கண்ட இன்வேர்ட்டர்கள் தம் இயல்பின்படி விலகின. விலக விலக நிலைமை மேலும் சீர்கெட்டது. நுரைச்சோலையின் மூன்று நிலக்கரி இயந்திரங்களும் நின்றன. மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற்று. அவற்றை மீண்டும் இயக்குவதற்குப் பல நாள் சென்றது. அதனால் அடுத்து வந்த நாள்களிலும் மின்வெட்டை அனுபவித்தோம்.

இரண்டு மாதம் கழிந்தது. சித்திரைப் புத்தாண்டு வந்தது. விடுமுறைக் காலத்தில் மின்சாரத் தேவை மிகவும் தாழும் என்பதனால், பகல் வேளைகளில் கூரைத் தகடுகளை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை மக்களைக் கேட்டுக்கொண்டது. கடன்பட்டுத் தகடு பூட்டியவர்கள் மனம் நொந்தனர். அவர்கள் நோவில் நியாயம் உண்டு. ஆனால் அதே நாட்டில், அதே நாள்களில், மாலை ஆறரை மணியானதும் விளக்குகள் ஏற, அடுப்புகள் ஏற, எண்ணெயும் நிலக்கரியும் எரிந்துகொண்டிருந்தன. நண்பகலில் வேண்டாமென்று தள்ளிய செல்வத்தை, இரவிலே வெளிநாட்டுக்குப் பணம் கொடுத்து வாங்கினோம்.

இதைக் கேட்டபோது நமது நினைவு இரணைமடுக் குளத்துக்குச் சென்றது. வன்னியிலே மழை பெய்வது சில மாதங்களே. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் அது வெள்ளமாய்ப் பெருகும். பின்னர் மாதக்கணக்கில் ஒரு துளியும் இராது. மழை மிகுதி என்று நம் முன்னோர் மழையை வைதார்களா? இல்லை. அணை கட்டிக் குளமாக்கினர். மாரியில் நிறைந்த குளம் சிறுபோகத்துக்கு நீர் கொடுத்தது. இன்றைய சூரிய மின்சாரத்துக்குக் குறை வெயிலில் இல்லை. வெயிலுக்கு ஒரு குளம் இல்லை என்பதே குறை.

உப்பிலே தேக்கிய வெயில்

வெயிலைத் தேக்க முடியுமா? முடியும். அதற்கு நாம் முன்பு குறிப்பிட்ட இரண்டாவது வழியை, அதாவது வெப்பத்தின் வழியைப் பார்க்க வேண்டும்.

அவ்வழியின் முன்னோடி பிராங்க் சூமன் என்னும் அமெரிக்கர். 1913ஆம் ஆண்டிலே, எகிப்தின் கெய்ரோ நகரை அடுத்த மாஅதி என்னுமிடத்தில், நைல் நதிக்கரையில் அவர் ஒரு சூரிய நிலையத்தை அமைத்தார். பரவளைவாக வளைந்த ஐந்து நீண்ட கண்ணாடித் தொட்டில்கள். ஒவ்வொன்றும் 62 மீற்றர் நீளம். அவை சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பும். நடுவிலுள்ள குழாயில் நீர் கொதித்து ஆவியாகி இயந்திரத்தை ஓட்ட, அவ்வியந்திரம் நைல் நீரை வயல்களுக்கு இறைத்தது. நிமிடம் ஒன்றுக்கு இருபதாயிரம் லீற்றருக்கு மேல் இறைத்ததாம். நிலக்கரி இல்லாத எகிப்துக்கு அது பெரும் வாய்ப்பு. ஆனால் மறு ஆண்டிலேயே முதலாம் உலக யுத்தம் மூண்டது. பொறியியலாளர்கள் தத்தம் நாடு சென்றனர். இயந்திரம் கழற்றப்பட்டு உலோகமாயிற்று. சூமன் 1918இல் காலமானார். மலிந்து வந்த எண்ணெய் அவருடைய கனவை மூடிவிட்டது.

அக்கனவு ஏறக்குறைய நூறாண்டு கழித்து ஸ்பெயின் தேசத்திலே வேறோர் உருவில் எழுந்தது. செவில் மாகாணத்தில், புவெந்தெஸ் தே அந்தலுசியா என்னும் ஊருக்கருகே 2011இல் திறக்கப்பட்ட நிலையத்துக்கு ஹெமாசோலார் என்று பெயர். நடுவிலே 140 மீற்றர் உயரமான ஒரு கோபுரம். அதனைச் சுற்றி வட்டம் வட்டமாக 2,650 கண்ணாடிகள். கண்ணாடி ஒவ்வொன்றும் ஒரு சிறு வீட்டின் நிலப்பரப்பளவு, ஏறத்தாழ 115 சதுர மீற்றர். சூரியன் நகர நகர அவை யாவும் திரும்பி, கோபுரத்தின் உச்சியிலுள்ள ஒரே இடத்தில் ஒளியைக் குவிக்கின்றன. தேர்த் திருவிழாவில் கூட்டமெல்லாம் தேரையே நோக்கி நிற்பது போன்ற காட்சி.

அவ்வுச்சியிலே குழாய்களில் ஓடுவது தண்ணீரன்று, உருகிய உப்பு. கறியுப்பு என்று எண்ணற்க. சோடியம் நைத்திரேற்று நூற்றுக்கு அறுபது பங்கும், வெடியுப்பு என நாமறிந்த பொற்றாசியம் நைத்திரேற்று நாற்பது பங்கும் சேர்ந்த கலவை அது. 290 பாகை செல்சியசில் கோபுரத்தின்மேல் ஏறி, 565 பாகையில் இறங்குகிறது. இறங்கிய உப்பு ஒரு பெரிய தொட்டியில் நிறைகின்றது. தொட்டியைச் சுற்றிக் கனத்த காப்பு இட்டிருப்பதால், வெப்பம் மிக மெதுவாகவே கசியும். மின்சாரம் வேண்டியபோது அந்த உப்பைக் கொண்டு நீரை ஆவியாக்கிச் சுழலியைச் சுற்றுகின்றனர். குளிர்ந்த உப்பு அடுத்த தொட்டிக்குச் சென்று மறுநாள் வெயிலுக்குக் காத்திருக்கும்.

தொட்டி நிறைந்திருந்தால், சூரியன் மறைந்த பின்னும் 15 மணி நேரம் நிலையம் ஓடும். 2013ஆம் ஆண்டுக் கோடையில் தொடர்ந்து 36 நாள் இரவும் பகலும் நிற்காமல் ஓடியது. நள்ளிரவிலே ஒரு வீட்டில் குழந்தையின் தொட்டிலருகே எரியும் விளக்கு, முந்திய நாள் வெயிலால் எரிந்தது என்றால் இதைவிட வியப்பு வேறென்ன வேண்டும்? இதிலே கனத்த சுழலியும் உண்டு, தேக்கும் தொட்டியும் உண்டு. அம்மம்மாவின் கேள்விக்கு இரு வகையிலும் விடையாகின்றது.

அப்படியாயின் எல்லோரும் ஏன் இதனையே கட்டவில்லை? இதன் அளவு 19.9 மெகாவாற்றே; செலவோ அதிகம். மேலும் இது முகிலற்ற, நேரே விழும் வெயிலையே ஏற்கும். நம்நாட்டு வானத்தில் முகிலும் ஈரமும் மிகுதியாதலால் கண்ணாடிகளுக்கு அது ஒவ்வாது. உருகிய உப்பை ஆளுவதும் எளிதன்று. அமெரிக்காவின் நெவாடாவில் இதைவிடப் பெரிதாகக் கட்டிய நிலையமொன்றில், 2016இல் உப்புத் தொட்டி கசிந்து, எட்டு மாதம் வேலை நின்றது. இதற்கிடையில் சிலிக்கன் தகட்டின் விலை சரிந்துவிட்டது. 1950களின் நடுவில் ஒரு வாற்றுக்கு ஏறத்தாழ 300 டொலராக இருந்தது, இன்று அரை டொலரிலும் குறைவு. மலிவான தகட்டோடு கோபுரம் போட்டியிட முடியவில்லை. ஆகவே தகட்டுக்கே ஒரு குளம் தேட வேண்டியதாயிற்று.

மின்கலமும் மலைக்குளமும்

தென் அவுஸ்திரேலியாவுக்கு நேர்ந்த அனுபவம் ஈண்டு நமக்குப் பாடமாகும். 2016ஆம் ஆண்டு செப்டெம்பர் 28ஆம் திகதி, கொடும் புயலில் மின்கோபுரங்கள் சாய்ந்து, அம்மாநிலம் முழுவதும் இருண்டது. காற்றாலை மின்சாரத்தின்மேல் பலர் பழி கூறினர். அம்மாநிலத்தார் காற்றாலைகளைக் கைவிடவில்லை. அடுத்த ஆண்டே ஹோர்ன்ஸ்டேல் என்னுமிடத்தில், 100 மெகாவாற்றுத் தரும் மாபெரும் லிதியம் மின்கல அடுக்கை அமைத்தனர். அது தொடங்கி இரு வாரமே ஆகியிருந்தது. ஏறக்குறைய ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் 560 மெகாவாற்று நிலக்கரி இயந்திரம் ஒன்று திடீரென நின்றது. மின்கலம் கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைப் பாய்ச்சி உதவிக்கு வந்தது. பின்னர் 2022இல், கனத்த சில்லின் தன்மையைப் போலவே நடக்கும்படி அதன் இன்வேர்ட்டர்களுக்குப் பயிற்சி அளித்துவிட்டனர். மேளத்தைக் கேட்டு ஆடும் பெட்டி, தானே மேளம் தட்டவும் கற்றுக்கொண்டது.

மின்கலத்துக்கும் குறை உண்டு. அது ஆண்டுக்காண்டு தேயும். விலையும் இன்னும் சிறிதன்று. சில மணி நேரத்துக்கு அது போதும். பல நாள் மழைக்குப் போதாது.

நமக்கோ இன்னொரு குளம் உண்மையிலேயே உண்டு. மகாவலியின் மீது விக்ரோரியா, ரந்தெனிகலை ஆகிய அணைகள் நிற்கின்றன. பகலில் வெயில் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, அணையின் மதகை அடைத்து வைத்தால், மிஞ்சிய நீர் இரவில் விளக்கேற்றும். வயலுக்கு வேண்டிய நீரைத் தடுக்காமல் இதனைச் செய்தல் வேண்டும் என்பது மெய்யே. இன்னும் ஒரு படி மேலே சென்று, மலையில் மேற்குளமும் கீழ்க்குளமும் அமைத்து, நண்பகலில் மிஞ்சும் மின்சாரத்தால் நீரை மேலே ஏற்றி, இரவில் கீழே விடலாம். அவ்வகையில் 600 மெகாவாற்று நிலையம் ஒன்றை மகா ஓயாவில் அமைப்பதற்குத் திட்டம் வகுத்துள்ளனர். அது கட்டி முடிய ஆண்டுகள் பல செல்லும். அதுவரை மின்கலங்கள் இடையில் நின்று உதவலாம்.

சிறிய அளவில் இவையெல்லாம் ஒருங்கே இயங்குவதைக் காண்பதற்கு நாம் தூரதேசம் செல்ல வேண்டியதில்லை. ஊர்காவற்றுறைக்கு அப்பால், கடல் சூழ்ந்த எழுவைதீவிலே சூரியத் தகடும், காற்றாடியும், மின்கலமும், துணைக்கு ஒரு டீசல் இயந்திரமும் சேர்ந்த சிறு நிலையம் ஒன்றை அமைத்தனர். பெருந்தீவின் மின்கம்பி எட்டாத அவ்விடத்தில், வெயிலும் காற்றும் கொடுக்கும்போது வாங்கி வைத்து, அவை கொடாதபோது எடுத்துச் செலவிடும் முறை அது. ஒரு சிறு தீவுக்குப் பொருந்தும் நியாயம் ஒரு பெரிய தீவுக்கும் பொருந்தாதிருக்குமா?

வீட்டிலே நாம் செய்யத்தக்கது

அரசாங்கம் செய்ய வேண்டியது அவ்வளவும் இருக்க, ஒவ்வொரு குடும்பமும் செய்யத்தக்க சிலவும் உண்டு. துணி துவைத்தல், அழுத்துதல், தாங்கிக்கு நீர் ஏற்றுதல் முதலியவற்றை மாலை ஆறரை மணிக்குப் பின் வைத்துக்கொள்ளாது, உச்சி வெயிலிலே செய்துவிடுவது நன்று. தோட்டக் கிணற்றில் பகலிலே இறைத்துத் தொட்டியை நிரப்பி வைப்பவர், தாம் அறியாமலே வெயிலுக்கு ஒரு குளம் கட்டியவராகிறார். வசதி உள்ளோர் தகட்டோடு மின்கலமும், வீதிக் கம்பியிலிருந்து தானாகப் பிரிந்து இயங்கவல்ல இன்வேர்ட்டரும் பூட்டிக்கொள்ளலாம். அவ்வாறு செய்தால் கம்பத்திலுள்ள தொழிலாளிக்கும் ஆபத்தில்லை. வீட்டு விசிறியும் நிற்காது.

மாணவிக்கு ஒரு வார்த்தை. தங்கையே, உங்கள் அப்பா செலவிட்ட பணம் வீணன்று. அவர் வயலை உழுது விதைத்துவிட்டார், விளைச்சலும் வந்துவிட்டது. அதனைக் கொட்டி வைப்பதற்குக் களஞ்சியம் கட்டும் வேலையை நாடு பின்னுக்குப் போட்டுவிட்டது. அந்த வேலைக்குப் பௌதிகம் கற்றோரும், இரசாயனம் கற்றோரும், பொறியியல் கற்றோரும் இன்னும் பலர் வேண்டும். நீங்கள் அவர்களுள் ஒருவராகக் கூடும்.

அம்மம்மாவிடம் இதனைப் படித்துக் காட்டுங்கள். சூரியன் நிற்கவில்லை என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. நின்றது நமது ஆயத்தமே. அவர் வேறு கேள்வி கேட்டால் அதனையும் நமக்கு எழுதி அனுப்புங்கள். அத்தகைய கேள்விகளுக்கு இப்பகுதியில் எப்போதும் இடமுண்டு.